வில்லியனூர் வாசலுக்கு வெளியே: பாண்டி அருங்காட்சியகங்களை எங்க பக்கமிருந்து பார்த்தால்

பாரதி பூங்கா நடுவுல வெள்ளை வெளேர்னு நிக்குதே ஆயி மண்டபம், அதுதான் புதுச்சேரி அரசோட சின்னம். பாண்டிக்கு வர்ற எல்லாரும் அதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கறாங்க. கிரேக்க, ரோமானியக் கட்டடச் சாயல்ல இருக்கறதால 'பிரெஞ்சுக்காரன் கட்டினது, அழகா இருக்கு'ன்னு சொல்லிட்டு கடற்கரைப் பக்கம் நகர்ந்துடுவாங்க. ஆனா அது கட்டப்பட்ட காரணம் கடற்கரைப் பக்கத்துல இல்ல. மூன்றாம் நெப்போலியன் காலத்துல, 1860களில், முத்திரையர்பாளையத்து நல்ல தண்ணீர் நகரத்துக்குள்ள வந்து சேர்ந்ததுக்கான நினைவுச்சின்னம் அது. நாங்க முத்திரப்பாளையம்னு சொல்ற அந்த ஊர் மூலக்குளத்துல இருந்து சைக்கிள்ல போற தூரம். விஜயநகர மன்னர் ஒருவர் அந்த வழியா வந்தப்ப ஆயி என்ற தாசியின் மாளிகையைக் கோயில்னு நினைச்சுக் கும்பிட்டுட்டார், உண்மை தெரிஞ்சதும் இடிக்கச் சொன்னார், அவளே இடிச்சிட்டு அந்த இடத்துல குளம் வெட்டினாள் என்பது இந்தப் பக்கத்துல வழிவழியா சொல்ற கதை. கதையை அப்படியே வரலாறா எடுத்துக்க வேண்டியதில்ல. ஆனா நகரத்தோட நட்ட நடு மையத்துல நிக்கற சின்னம் நகரத்துக்கு வெளியே இருக்கற ஒரு குளத்தைப் பத்திப் பேசுதுங்கறது உண்மை.

இந்த ஒரு விஷயத்தைக் கையில வெச்சுக்கிட்டு பாண்டியோட அருங்காட்சியகங்களையும் நினைவில்லங்களையும் ஒரு சுத்து பார்த்தா என்ன தெரியுதுன்னு எழுதிப் பார்க்கறேன். நான் தொல்லியல் படிச்சவன் கிடையாது. பகல்ல சாஃப்ட்வேர் வேலை. தரவை எப்படி அடுக்கறாங்க, எந்த நிரலை மேல வைக்கறாங்க, எதை விட்டுடறாங்கன்னு பார்க்கறது எனக்குத் தொழில்புத்தி. அருங்காட்சியகமும் ஒரு தரவுத்தளம்தான். அதை அப்படித்தான் படிக்கறேன்.

முதல்ல சுவர். இன்னைக்குப் பாண்டியைச் சுத்திப் பார்க்கறவங்களுக்கு இது ஒரு மதில் நகரம்னு தெரிய வாய்ப்பே இல்ல. காரணம், சுவர் இல்ல. ஆனா அது இருந்த தடம் அப்படியே இருக்கு. 1693ல் டச்சுக்காரங்க ஊரைப் பிடிச்சாங்க. இப்ப எல்லாரும் பிரெஞ்சுத் திட்டமிடல்னு புகழற நேர்கோட்டுத் தெருக்களோட வரைபடத்தைப் போட்டது அவங்கதான். 1699ல் ஊர் பிரெஞ்சுக்காரங்க கைக்குத் திரும்பி வந்ததும், பிரான்சுவா மார்த்தேன் கோட்டை கட்டி முடிச்சார். இன்னைய பாரதி பூங்கா வட்டாரத்துலதான் அந்தக் கோட்டை இருந்தது. பிற்பாடு ஊரைச் சுத்தியே மதில் எழும்பிச்சு. 1748ல் பாஸ்கவன் முற்றுகை போட்டுத் தோத்தார். 1761 ஜனவரியில் அயர் கூட் ஜெயிச்சார், கோட்டையையும் நகரத்தையும் தரைமட்டமாக்கிட்டாங்க. 1765க்கு அப்புறம் மறுபடி கட்டினாங்க, மறுபடி பறிபோச்சு, மறுபடி வந்தது. இந்த விளையாட்டு 1816 வரைக்கும் ஓடிச்சு. மதில் போன தடத்துல சாலை போட்டாங்க. 'புல்வார்' பகுதின்னு நாம இன்னும் சொல்றமே, அந்தச் சொல்லே கோட்டை அரண்ங்கற பொருள்ல இருந்து வந்ததுதான். மேற்கே அண்ணா சாலை, வடக்கே வல்லபாய் படேல் சாலை, தெற்கே சுப்பையா சாலை. தீபாவளிக்கு அண்ணா சாலையில துணி எடுக்கறப்ப நாம ஏறக்குறைய மதில் மேல நின்னுதான் பேரம் பேசறோம்.

மதில்னா வாசல் உண்டு. சென்னை வாசல், கூடலூர் வாசல், வழுதாவூர் வாசல், வில்லியனூர் வாசல். ஒவ்வொண்ணும் அது பார்த்த ஊரோட பேரு. எங்க பக்கத்து ஆளுங்க நெல்லையும் விறகையும் கொண்டு போனது வில்லியனூர் வாசல் வழியாத்தான் இருந்திருக்கணும். இன்னைக்கும் மூலக்குளத்துல நின்னு 'பாண்டி போறேன்'னு சொன்னா டவுனுக்குப் போறேன்னு அர்த்தம். நாங்களும் புதுச்சேரிதான், ஆனா பாண்டி அங்க இருக்கு. சுவர் போயி இருநூறு வருஷம் ஆகியும் பேச்சுல சுவர் போகல.

ஒரு எச்சரிக்கை. உள்ளே இருந்தது பூரா வெள்ளைக்காரங்க, வெளியே இருந்தவங்கதான் தமிழங்கன்னு யாரும் புரிஞ்சுக்க வேண்டாம். மதிலுக்கு உள்ளேயே கால்வாய்க்கு மேற்கே பெரிய தமிழ்ப் பகுதி இருந்தது. ஆனந்தரங்கப்பிள்ளை உள்ளே இருந்தவர். 1736ல் தொடங்கி 1761 ஜனவரி வரைக்கும் போற அவர் நாட்குறிப்பு மதிலுக்கு உள்ளே இருந்து எழுதினது. 1748 செப்டம்பர்ல வேதபுரீஸ்வரர் கோயிலை இடிச்சது அந்த மதிலுக்கு உள்ளேதான் நடந்துச்சு, அவர் அதை வயிறெரிஞ்சு பதிவு பண்ணியிருக்கார். நான் பேச வர்றது கறுப்பு, வெள்ளை பத்தி இல்ல. உள்ளே, வெளியே பத்தி.

சரி, அருங்காட்சியகத்துக்கு வருவோம். செயின்ட் லூயி வீதியில, பாரதி பூங்காவை ஒட்டி இருக்கு அரசு அருங்காட்சியகம். பழைய பிரெஞ்சு வீடு, 1983ல் இருந்து அருங்காட்சியகம். உள்ளே மூணு உலகம் இருக்கு. ஒண்ணு, பிரெஞ்சு வீட்டு உலகம்: மேசை, நாற்காலி, கடிகாரம், நிலைக்கண்ணாடி, பீங்கான், ஆள் பின்னாடி இருந்து தள்ளிக்கிட்டுப் போற புஸ்புஸ் வண்டி, பல்லக்கு, துய்ப்ளேக்ஸ் படுத்த கட்டில்னு வழிகாட்டிப் புத்தகங்கள் எல்லாம் தவறாம சொல்ற கட்டில். ரெண்டாவது, கல்லும் வெண்கலமும்: இந்த வட்டாரத்துக் கோயில்கள்ல இருந்து வந்த சிற்பங்கள், செப்புத் திருமேனிகள். மூணாவது, அரிக்கமேடு.

சேகரிப்பு சாதாரணமானது இல்ல. திருமேனிகளுக்கு முன்னாடி அரை மணி நேரம் நிக்கலாம், நான் நின்னிருக்கேன். என் விமர்சனம் அடுக்குமுறை பத்தினது. பிரெஞ்சு அறைகள்ல நீங்க ஒரு வீட்டுக்குள்ள இருக்கீங்க. சாப்பாட்டு மேசை இருக்கு, படுக்கை இருக்கு, வாசல்ல வண்டி இருக்கு. யாரோ ஒருத்தர் எழுந்து, சாப்பிட்டு, வண்டியேறிப் போனாங்கன்னு மனசு தானாவே கதை பின்னிக்குது. கட்டிலுக்கு ஒரு ஆள் இருக்கார், பேரோட. திருமேனிக்குப் பக்கத்துல வந்தா ஒரு ராஜவம்சமும் ஒரு நூற்றாண்டும்தான் கைக்குக் கிடைக்குது. அதை எந்த ஊர்க்காரங்க தோள்ல தூக்கினாங்க, எந்தத் தேர்ல ஏத்தினாங்க, எந்த மாசத் திருவிழாவுக்கு அது வெளியே வந்துச்சுங்கற வாழ்க்கை கிடைக்கறதில்ல. கட்டிலுக்கு வாழ்க்கை வரலாறு, சாமிக்குத் தேதி மட்டும்.

இது பாண்டிக்கு மட்டும் உள்ள சங்கதி இல்ல. நம்ம நாட்டு அருங்காட்சியகங்கள் பலதுலயும் லேபிள்ங்கறது பேரு, என்னத்தால செஞ்சது, நூற்றாண்டு, இந்த மூணோட நின்னுடும். எங்கேருந்து வந்துச்சுங்கறது இருந்தாலும் கடைசி வரியில, சின்ன எழுத்துல. ஒரு தரவுத்தளத்துல மத்த அட்டவணைகளோட இணைக்கிற சாவியையே விட்டுட்டு, வெறும் வர்ணனைய மட்டும் நிரப்பி வெச்ச மாதிரி. கிடைத்த இடம்தான் அந்தச் சாவி. அது இருந்தா அந்த ஊர்க் கல்வெட்டோட, கோயிலோட, ஏரியோட, இன்னைக்கு அங்க இருக்கற ஆளுங்களோட அந்தப் பொருளை இணைக்க முடியும். இல்லாட்டி அது வெறும் அழகான பொருள்.

அரிக்கமேட்டுக்கு வந்தா இது இன்னும் சிக்கலாகுது. அங்க இடம் தெரியும், இடத்தாலதான் அந்தப் பொருட்களுக்கே பேரு. அரியாங்குப்பம் ஆத்தங்கரையில, காக்காயந்தோப்பு பக்கம். டவுன்ல இருந்து தெற்கே நாலு கிலோமீட்டர். ஆனா யாருடைய இடம்ங்கறதுல ஒரு குழப்பம் ஆரம்பத்துல இருந்தே ஒட்டிக்கிட்டு வருது.

அங்க பழைய சுவர்கள் இருக்குன்னு முதல்ல எழுதி வெச்ச ஐரோப்பியர் ல ஜாந்தீய் என்ற வானியலாளர். பாவம் மனுஷன். வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கறதைப் பாண்டியில இருந்து பார்க்கக் கிளம்பினார். 1761ல் வந்து சேர்றதுக்குள்ள ஊர் ஆங்கிலேயர் கையில, நடுக்கடல்ல ஆடற கப்பல்ல இருந்து பார்த்தும் பிரயோஜனம் இல்ல. எட்டு வருஷம் இந்தப் பக்கமே காத்திருந்து 1769ல் பாண்டியில தொலைநோக்கியோட உட்கார்ந்தார், அன்னைக்குன்னு மேகம் மூடிடுச்சு. வானத்துல கிடைக்காத மனுஷனுக்குத் தரையில ஏதோ கிடைச்சுது. அதுக்கப்புறம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல பெருசா எதுவும் இல்ல. 1930களில் பாண்டி கல்லூரிப் பேராசிரியர் ழுவோ துப்ரேய் அங்க கிடைச்ச மணிகளையும் ஓடுகளையும் பார்த்து இது ரோமானியத் தொடர்புள்ள இடம்னு சொன்னார்.

அப்புறம் மார்டிமர் வீலர். அவர் கதையில எனக்குப் பிடிச்ச இடம், அவர் அரிக்கமேட்டை மண்ணுல கண்டுபிடிக்கலங்கறதுதான். இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைமை இயக்குநரா வந்த புதுசுல சென்னை அருங்காட்சியகத்து அலமாரியில ஒரு ஆம்போரா ஜாடித் துண்டைப் பார்த்தார். எங்கேருந்துன்னு கேட்டு, பாண்டிக்கு ரயில் ஏறி வந்து, இங்க பொது நூலகத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்த ஓடுகள்ல இத்தாலியில செஞ்ச அரட்டைன் செம்மண்பாண்டத் துண்டுகளை அடையாளம் கண்டார். யாரோ பொறுக்கி, யாரோ இடத்தின் பேரோட எடுத்து வெச்சிருந்ததால கிடைச்சது அது. 1945ல் தோண்டினார். 1946ல் 'ஏன்ஷியன்ட் இந்தியா' இரண்டாம் இதழ்ல அறிக்கை வந்தது. தலைப்புலயே அரிக்கமேடு 'இந்தோ-ரோமானிய வணிக நிலையம்' ஆயிடுச்சு.

வீலருக்கு அரட்டைன் ஓடு ஏன் அவ்வளவு முக்கியம்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இங்கதான் நியாயம் பேசணும். தென்னிந்தியத் தொல்லியலுக்கு அன்னைக்கு உறுதியான தேதி கிடையாது. எந்தப் பானை எந்தக் காலம்னு சொல்ல வழியில்ல. அரட்டைன் பாண்டம் எந்தக் காலத்துல செஞ்சாங்க, எப்ப நிறுத்தினாங்கன்னு இத்தாலியில தெளிவாத் தெரியும். அது கிடைக்கற மண்ணடுக்குல கூடவே கிடைக்கற உள்ளூர்ப் பாண்டங்களுக்கும் அந்தத் தேதி ஒட்டிக்கும். குறிப்பா, உள்வட்டத்துல நுண்ணிய புள்ளி வரிசை ஓடற ரௌலட்டட் பாண்டம். அது வேற எங்க கிடைச்சாலும் அந்த இடத்துக்கும் தேதி. 1947ல் கர்நாடகத்துப் பிரம்மகிரியில இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவர் பெருங்கற்காலத்துக்குக் காலக்கணக்கு போட்டார். ஒரு நிரல் இன்னொண்ணை நம்பி, அது இன்னொண்ணை நம்பி நிக்கற மாதிரி, தென்னாட்டுக் காலவரிசையே அரிக்கமேட்டு மண்ணுல ஊன்றின ஒரு இத்தாலியத் தட்டு மேல நின்னுது. அறிவியலா பார்த்தா பிரமாதமான வேலை.

ஆனா தேதி சொல்லப் பயன்பட்ட பொருள், கதைநாயகனாகவும் ஆயிடுச்சு. காசால் 1947 முதல் 1950 வரை தோண்டினார். விமலா பெக்லி குழு 1989 முதல் 1992 வரை தோண்டிச்சு. ரோமானியச் சரக்கு வர்றதுக்கு முன்னாடியே அங்க ஊர் இருந்துச்சு, அது நின்ன பிறகும் ஊர் இருந்துச்சுன்னு ஆச்சு. ரௌலட்டட் பாண்டமும் மேற்கே இருந்து வந்தது இல்ல, இந்திய மண்ணுலயே செஞ்சதுன்னு களிமண் ஆய்வுகள் காட்டிடுச்சு. ஓடுகள்ல தமிழ்-பிராமியில கீறின சாதாரண ஆளுங்க பேரும் இருக்கு. இதெல்லாம் ஆய்வாளர்களுக்குத் தெரிஞ்சு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. பேச்சுல மட்டும் அது இன்னமும் 'ரோமானியர் வந்த இடம்'தான்.

காட்சிப்பெட்டிக்கும் இதுல பங்கு இருக்கு. எந்த அருங்காட்சியகத்துலயும் ஜாடி பெருசு, மணி சிறுசு. கண் ஜாடிக்குத்தான் போகும். ஆனா கணக்கு வேற மாதிரி. மத்தியதரைக்கடல் பக்கத்து ஒயினும் எண்ணெயும் மீன் சாறும் வந்த ஜாடி, இறக்குமதி. கண்ணாடி மணி, ஏற்றுமதி. உருகின கண்ணாடிய உள்ளே காத்துப் புழையோட நீளக் குழாயா இழுத்து, நறுக்கி, விளிம்பை மழுக்கிச் செய்யற அந்தச் சின்னச் சின்ன மணிகளை இந்தோ-பசிபிக் மணின்னு சொல்றாங்க. பீட்டர் ஃபிரான்சிஸ் என்ற மணி ஆய்வாளர் அரிக்கமேட்டை அந்தத் தொழிலோட தாய்வீடுகள்ல ஒண்ணா வெச்சுப் பேசினார். அந்த வகை மணி கிழக்கு ஆப்பிரிக்காவுல இருந்து கொரியா வரைக்கும் கிடைக்குது. அதே குழாய் இழுக்கற முறை ஆந்திராவுல பாப்பாநாயுடுபேட்டையில நம்ம காலம் வரைக்கும் உயிரோட வந்து சேர்ந்துச்சு. ஒரு தட்டு நிறைய மணிக்குப் பக்கத்துல ஒரு உலக வரைபடமும், குழாய் இழுக்கற ஒரு நிமிஷ வீடியோவும் வெச்சா, பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஜாடிய விட்டுட்டு மணிகிட்ட வந்துடும்.

இதுல ஒரு வேடிக்கை. அரிக்கமேட்டுக்கே போனா கண்ணுக்குத் தெரியற செங்கல் சுவரை 'ரோமானியச் சுவர்'னு நினைச்சுப் படம் எடுக்கறவங்க உண்டு. அது பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரிமார் கட்டடத்தோட மிச்சம். அந்தப் பாதிரிமார்ல ஒருத்தர்தான் பின்னாடி வியட்நாம் அரசியல்ல பெரிய ஆளான பிஞ்ஞோ த பெஎன். 1770களோட தொடக்கத்துல இங்க இருந்தப்பதான் வியட்நாமிய-லத்தீன் அகராதிக்கு வேலை பண்ணினார். காக்காயந்தோப்புக்கும் வியட்நாம் மொழிக்கும் ஒரு முடிச்சு. எந்த வழிகாட்டியும் இதைச் சொல்லி நான் கேட்டதில்ல. ரோமானியர்னு ஒரு சொல் முன்னாடி நின்னுட்டா மத்ததெல்லாம் பின்னாடி ஒளிஞ்சுடுது.

கிடைத்த இடம் ஏன் முக்கியம்ங்கறதுக்கு நான் தத்துவம் பேச வேண்டியதில்ல. அதே செயின்ட் லூயி வீதியிலயே பதில் இருக்கு. அங்கதான் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். 1955ல் தொடங்கினது. அங்கயிருக்கற சைவ ஓலைச்சுவடிகளை யுனெஸ்கோ 2005ல் உலக நினைவுப் பதிவேட்டுல சேர்த்தது எல்லாருக்கும் தெரியும். அங்க இன்னொண்ணும் இருக்கு: தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராப் போய் எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள். ஒவ்வொண்ணுக்கும் ஊர் பேரு, கோயில் பேரு, நாள். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008ல் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல கொடுத்து ஒரு சோழர் காலத்து நடராஜரை வாங்கிச்சு. அது அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயில்ல இருந்து திருடுபோனதுன்னு நிரூபிக்க உதவின முக்கியச் சான்று, இந்தப் படத்தொகுப்புல 1990களில் எடுத்திருந்த படம். 2014ல் நடராஜர் திரும்பி வந்தார்.

அந்தப் படத்தை எடுத்தவர் கலைப்படைப்பா நினைச்சு எடுத்திருக்க மாட்டார். வேலையா எடுத்திருப்பார், பின்னாடி ஊர் பேரை எழுதியிருப்பார். அந்த ஊர் பேருக்குத்தான் விலை. கான்பெராவுல விளக்கு வெளிச்சத்துல, வம்சமும் நூற்றாண்டும் சரியா எழுதி வெச்சிருந்த நடராஜருக்கு இல்லாம போனது அந்த ஒரே வரிதான்.

ஒரே வீதியில ஒரு வாசல்ல பொருள் இருக்கு, இன்னொரு வாசல்ல பொருளோட முகவரி இருக்கு. ரெண்டையும் ஒரே கூடத்துல பார்த்தா எப்படி இருக்கும்னு ஒவ்வொரு தடவை அந்த வீதியைத் தாண்டறப்பவும் தோணும். ஒரு திருமேனி, பக்கத்துல அது இருந்த கோயிலோட பழைய படம், கீழ அந்த ஊர் எந்தக் கொம்யூன்ல இருக்குங்கற குறிப்பு. அவ்வளவுதான் கேக்கறேன்.

வெளிப்பக்கத்துல இருந்து போன பொருள் எல்லாமே டவுன்ல நிக்கல. 1879ல் ழூல் த லா ஃபோன் என்பவர் பாகூர்ச் செப்பேடுகளைக் கண்டுபிடிச்சார். ஐந்து ஏடு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனோட எட்டாம் ஆட்சியாண்டு, ஒன்பதாம் நூற்றாண்டு. வடமொழிச் செய்யுளும் தமிழ்ப் பகுதியும் இருக்கு. விஷயம்: பாகூர்ல இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது உயர்கல்வி நடந்த இடத்துக்கு, மூணு ஊரை மானியமா விட்டது. இன்னைக்கு நாம 'கிராமப்புறக் கொம்யூன்'னு சொல்ற பாகூர்ல, பாண்டின்னு ஒரு மதில் நகரம் எழும்பறதுக்கு எட்டு நூற்றாண்டுக்கு முன்னாடியே, அரசாங்க நிதியோட ஒரு கல்லூரி. அந்த ஏடுகள் பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போயிடுச்சு. அசல் திரும்பி வர்றது பெரிய அரசியல், அதை விடுங்க. ஒரு நல்ல நகல், ஒரு எளிய தமிழ் உரை, பாகூர் மூலநாதர் கோயில் பக்கத்துல ஒரு சின்ன அறை. இதுக்கு ராஜதந்திரம் வேண்டாம், ஒரு கோப்பு நகர்ந்தா போதும். ஊரைச் சுத்திக் காட்டறவங்க கல்வி, கலாசாரம்னு வர்றப்ப பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல இருந்துதான் ஆரம்பிக்கறாங்க. பாகூர்ப் பிள்ளைங்களும் அதைத்தான் கேட்டு வளருது.

இன்னொரு முனையில முத்திரையர்பாளையம். காசால் அரிக்கமேட்டோட நிக்கல. முத்திரையர்பாளையத்துலயும் சுத்துக்கேணியிலயும் பெருங்கற்கால ஈமக்காடுகளைத் தோண்டினார். 1956ல் தன் மனைவியோட சேர்ந்து வெளியிட்ட நூலோட தலைப்பே 'பாண்டிச்சேரிச் சுற்றுவட்டாரத்து நகரத் தலமும் ஈமத் தலங்களும்'ங்கற பொருள்லதான் வரும். பிரெஞ்சு எழுத்துக்கூட்டல்ல எங்க ஊர் பேரைப் படிச்சா எங்களுக்கே அடையாளம் தெரியாது. இணையத்துல தேடினாலும் சிக்காது, ஏன்னா தமிழ்ல ஒரு பேரு, பிரெஞ்சுல ஒண்ணு, ஆங்கிலத்துல ரெண்டு. எங்க தெருவுல பத்தாவது படிக்கற பையன் ஒருத்தன்கிட்ட 'முத்திரப்பாளையத்துல முதுமக்கள் தாழி எடுத்திருக்காங்கடா'ன்னு சொன்னேன். "சும்மா சொல்லாதீங்கண்ணா, அதெல்லாம் கீழடியில"ன்னுட்டான். அவன் சொன்னதுல தப்பில்ல. கீழடிக்குப் பக்கத்துலயே 2023ல் தமிழ்நாடு அரசு அருங்காட்சியகம் திறந்துச்சு. பொருள் கிடைச்ச ஊர்லயே பொருள் இருக்கு, அதனால ஊர் பேரு பையன் வாயில இருக்கு. அரிக்கமேடு உலகத்துக்குத் தெரிஞ்சது 1945ல், கீழடிக்கு எழுபது வருஷம் முன்னாடி.

கீழடி மாதிரிப் பெருமிதக் கண்காட்சி வேணும்னு நான் சொல்லல. பெருமிதத்துல தேதியைக் கூட்டிச் சொல்ற ஆசை வரும், அது வேற நோய். இடம்ங்கற ஒரு விஷயத்துல அவங்க செஞ்சது சரி.

மதிலுக்குள்ள இருக்கற நினைவில்லங்களைப் பத்திச் சுருக்கமா. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி பாரதி இல்லமும் பெருமாள் கோயில் வீதி பாரதிதாசன் இல்லமும் நான் மேல கேட்ட பரீட்சையில தானாவே தேறிடுது. அங்க வீடே பொருள், முகவரியே லேபிள். 1908ல் இருந்து 1918 வரைக்கும் பாண்டியில இருந்த ஒருத்தர் எந்தத் தெருவுல நடந்தார்னு கேட்டா, வாசல்ல வந்து நின்னாலே பாதி பதில் கிடைச்சுடும். ரங்கப்பிள்ளை வீதியில ஆனந்தரங்கப்பிள்ளை மாளிகையும் அப்படித்தான். கீழே மரத்தூண், மேல பிரெஞ்சுப் பாணித் தூண். அந்த ஆளோட வாழ்க்கையை அப்படியே கட்டடமா எழுப்பின மாதிரி இருக்கும். கடற்கரைச் சாலையில காந்தி சிலையைச் சுத்தி நிக்கற கருங்கல் தூண்களும் செஞ்சியில இருந்து வந்ததாத்தான் சொல்றாங்க. வெளியே இருந்து வந்தது அங்கயும்.

தனியார் கலைக்கூடங்கள் பல இருக்கு, அழகா இருக்கு, நல்ல காபியும் கிடைக்குது. அங்க எனக்கு ஒரே ஒரு குறை. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. அந்தக் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020ல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. இருந்தும் டவுன்ல சுடுமண் பொம்மையை வீட்டு அலங்காரப் பொருள்னு விக்கறாங்க, கித்தான்ல வரைஞ்சதை மட்டும் கலைன்னு சுவர்ல மாட்டறாங்க. அரிக்கமேட்டுச் சுடுமண் பொம்மை கண்ணாடிப் பெட்டிக்குள்ள, அதே ஆத்துப் பக்கத்து மண்ணுல இன்னைக்குச் செய்யறது பில் போடற மேசைக்குப் பக்கத்துல கூடையில.

இதுக்கெல்லாம் எதிர்வாதம் எனக்கும் தெரியும். பொருள் வெளியூர்ல பத்திரமா இருக்குமா, காவல் யார், ஆத்தங்கரை ஈரத்துல உலோகம் என்னாகும், அரிக்கமேடு மத்திய அரசுப் பாதுகாப்புல இருக்கறப்ப யூனியன் பிரதேசம் என்ன செய்ய முடியும், ரெண்டு மூணு ஊழியரை வெச்சுக்கிட்டு எத்தனை லேபிள் எழுதறது. எல்லாம் நியாயம். அதனாலதான் பொருளை நகர்த்தச் சொல்லல. முகவரியை நகர்த்தச் சொல்றேன். நுழைவுக் கூடத்துல முதல் சுவர் முழுக்க ஒரு வரைபடம். நடுவுல மதில் நகரத்தோட முட்டை வடிவம், நாலு வாசலோட. சுத்தி வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், உழவர்கரை. உள்ளே இருக்கற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண், அந்த எண் வரைபடத்துல எந்தப் புள்ளியில இருக்குன்னு ஒரு குண்டூசி. எங்கேருந்துன்னு தெரியாத பொருளுக்கு ஓரத்துல ஒரு தனிப் பெட்டி, வெளிப்படையா. எந்தப் பக்கம் குண்டூசி குவியும்னு எனக்கு ஒரு யூகம் இருக்கு.

1783 வெர்சாய் ஒப்பந்தத்துல வில்லியனூரும் பாகூரும் பாண்டியைச் சுத்தின சார்புப் பகுதின்னுதான் வருது. போர்ல தோத்தவனும் ஜெயிச்சவனும் பேசி எழுதின ஒப்பந்தத்துல அப்படித்தான் வரும். அருங்காட்சியகமும் அதே இலக்கணத்துல எழுதணும்னு கட்டாயம் இல்ல.

வெளியூர் நண்பர்கள் யாராவது பாண்டிக்கு வந்து அருங்காட்சியகம் பார்க்கணும்னு கேட்டா, நான் இப்பல்லாம் வழியைத் திருப்பிப் போட்டுத்தான் சொல்றேன். காலையில பாகூர் மூலநாதர் கோயில், வெயில் ஏறறதுக்குள்ள அரிக்கமேடு. அங்கேருந்து வில்லியனூர், திருக்காமீஸ்வரர் கோயிலும் சுடுமண் பட்டறையும். மதிய சாப்பாடு முடிச்சிட்டு வில்லியனூர் ரோட்டுல மூலக்குளம், ரெட்டியார்பாளையம், நெல்லித்தோப்பு வழியா அண்ணா சாலையைத் தாண்டி உள்ளே போங்க. செயின்ட் லூயி வீதியை மதியத்துக்கு மேல வெச்சுக்கங்க. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், பூட்டியிருக்கும்.